விளம்பரம் வந்தால் மட்டும் டி.வி. ஏன் கத்துகிறது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த யூனியன் செயலாளர், "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, அது கட்டுக்கட்டாக வந்துவிட்டது. உன் டிபார்ட்மெண்ட் சம்பந்தமாக, மெக்கானிக்கல் பசங்களுக்கும் சிவில் பசங்களுக்கும் புரிகிற மாதிரி எழுது" என்றார். செயற்கைக்கோள் பற்றி எழுதலாமா, ரோபோ பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் எங்கள் வீட்டிலேயே தினமும் ராத்திரி நடக்கிற ஒரு சண்டைதான் எழுதத் தகுந்த பாடம் என்று தோன்றியது. குறை இருந்தால் பொறுத்தருள்க.

எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணி

எங்கள் வீடு காரமடையில். இரண்டே அறை. அப்பா இருபது வருஷத்துக்கு மேலாக விசைத்தறி ஓட்டுகிறவர். வீட்டில் முதன்முதலில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அடுத்து என் தங்கை, பிளஸ் டூ படிக்கிறாள். ஒரு அறையில் டி.வி. ஓடும், பக்கத்து அறையில் அவள் படிப்பாள்.

சீரியலில் இரண்டு பேர் மெதுவாகப் பேசினால் அப்பாவுக்குக் கேட்காது. "என்ன சொல்றா அவ?" என்று அம்மாவைக் கேட்பார். அம்மா சொல்வதற்குள் அடுத்த வசனம் போய்விடும். அதனால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவார். சரியாக அந்த நேரத்தில் விளம்பரம் வரும். வீடே அதிரும். உள்ளேயிருந்து தங்கை, "அப்பா, நாளைக்கு எனக்குப் பரீட்சைங்க!" என்பாள். அப்பா பதறிப்போய்க் குறைப்பார். விளம்பரம் முடிந்து சீரியல் வந்தால் மறுபடி ஒன்றும் கேட்காது. இப்படி நாலு தடவை ஆனதும், "என்ற காதுதான் கெட்டுப் போச்சு கண்ணு, பொட்டிய நிறுத்திப்போடு" என்று சொல்லிவிட்டு வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

அவர் காது மட்டும்தான் காரணமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

உச்சம் வேறு, உரப்பு வேறு

"விளம்பரத்தை அதிக வோல்டேஜில் அனுப்புகிறார்கள்" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தவறு. டிஜிட்டல் ஒலியில் தாண்ட முடியாத ஒரு கூரை உண்டு. அதை 0 டெசிபல் ஃபுல் ஸ்கேல் என்பார்கள். சீரியலில் ஒரு கதவு ‘படார்’ என்று சாத்தினாலும் அந்தக் கூரையைத்தான் தொடும். விளம்பரப் பாட்டும் அதே கூரையைத்தான் தொடும். உச்சம், அதாவது பீக், இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் காது உச்சத்தைப் பார்த்துச் சத்தத்தைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு சக்தி தொடர்ந்து வருகிறது என்பதைப் பார்க்கிறது. இதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் ‘உரப்பு’ என்று படித்தோம்.

முதலாமாண்டு படித்த ஆர்.எம்.எஸ். கணக்கே இதற்குப் போதும். 1 வோல்ட் உச்சம் உள்ள ஒரு சைன் அலை நிற்காமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இருமடிச் சராசரி 0.5. இன்னொரு சைன் அலைக்கும் உச்சம் அதே 1 வோல்ட்தான். ஆனால் பத்து விநாடியில் ஒரு விநாடி மட்டும் ஒலிக்கிறது, மற்ற ஒன்பது விநாடியும் மௌனம். அதன் இருமடிச் சராசரி 0.05. முதலாவது இரண்டாவதைப்போல் 10 மடங்கு. டெசிபலில் சொன்னால் 10 டெசிபல் வித்தியாசம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு அலைக்கும் உயரம் ஒன்றேதான்!

சீரியல் வசனம் இரண்டாவது அலை மாதிரி. பேச்சு, இடைவெளி, மூச்சு, மௌனம் என்று போகும். விளம்பரம் முதலாவது அலை மாதிரி. 20 விநாடியில் ஒரு நொடிகூட வீணாக விடமாட்டார்கள்.

கம்ப்ரஸர் செய்கிற வேலை

இது தானாக நடப்பதில்லை. ஸ்டுடியோவில் கம்ப்ரஸர் என்ற கருவியால் (இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டர் புரோகிராமால்) செய்கிறார்கள். குறித்த அளவைத் தாண்டுகிற ஒலியை மட்டும் அது அமுக்கும். அந்த அளவுக்கு த்ரெஷோல்டு என்று பெயர். எவ்வளவு அமுக்குகிறது என்பது ரேஷியோ.

த்ரெஷோல்டு கழித்தல் 20 டெசிபல், ரேஷியோ 4:1 என்று வையுங்கள். 0 டெசிபலில் வருகிற உச்சம் த்ரெஷோல்டைவிட 20 அதிகம். அது நாலில் ஒரு பங்காகி, 5 மட்டும் அதிகமாக, கழித்தல் 15-ல் வெளியே வரும். கழித்தல் 30-ல் இருக்கிற மெல்லிய ஒலி த்ரெஷோல்டுக்குக் கீழே இருப்பதால் அப்படியே வரும். இப்போது மேலே 15 டெசிபல் இடம் காலியாகக் கிடக்கிறது. மொத்தத்தையும் 15 டெசிபல் தூக்கிவிட்டால் உச்சம் பழையபடி 0. ஆனால் கழித்தல் 30-ல் இருந்த கிசுகிசுப்பு இப்போது கழித்தல் 15-க்கு வந்துவிட்டது! முன்பு 30 டெசிபல் இருந்த ஏற்ற இறக்கம் 15 டெசிபலாகச் சுருங்கிவிட்டது. விதியை மீறாமலேயே சத்தம் கூடிவிட்டது.

கம்ப்ரஸர் கெட்ட கருவி அல்ல. ஓடுகிற பஸ்ஸில் ரேடியோ கேட்கிறவனுக்கு மெல்லிய சொல்லும் காதில் விழ வேண்டுமானால் கொஞ்சம் அமுக்கித்தான் ஆகவேண்டும். எதற்கு, எவ்வளவு என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

வானொலியில் எப்படி?

வானொலியில் இந்தக் கட்டுப்பாடு வெறும் நாகரிகம் அல்ல, கட்டாயம். மீடியம் வேவில் (நம் கோவை வானொலியைப் பெரியவர்கள் 999 கிலோஹெர்ட்ஸில் வைத்துக் கேட்டார்கள்) வீச்சுப் பண்பேற்றம் 100 சதவீதத்தைக் கீழ்ப்பக்கம் தாண்டினால் கேரியர் அறுந்துபோகும். ஒலி கரகரக்கும், பக்கத்து அலைவரிசையிலும் தெறிக்கும். எஃப்.எம்.மில் அதிர்வெண் விலகல் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. இரைச்சலைக் குறைப்பதற்காக உயர் அதிர்வெண்களை அனுப்பும்போதே தூக்கி அனுப்புவார்கள். இதற்குப் பிரீ-எம்ஃபசிஸ் என்று பெயர். நம் நாட்டில் இதன் நேர மாறிலி 50 மைக்ரோ விநாடி. அதாவது ஏறக்குறைய 3,180 ஹெர்ட்ஸுக்கு மேலே தூக்கல் ஆரம்பம். ‘ஸ்’ என்ற ஓசையும் ஜால்ராவும் திடீரென்று எல்லையைத் தாண்டுவது இதனால்தான். ஆகவே டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் லிமிட்டர் இல்லாமல் எஃப்.எம். நிலையம் நடத்த முடியாது.

அளப்பதற்கு வந்த ஆரம்பகால மீட்டர்களில் ஒன்று வி.யு. மீட்டர். 1939-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடமும் சி.பி.எஸ்., என்.பி.சி. வானொலி நிறுவனங்களும் சேர்ந்து முடிவு செய்த மீட்டர் அது. அதன் முள் ஒரு ஒலிக்கு எழும்ப 0.3 விநாடி எடுத்துக்கொள்ளும். சிவப்புக்குள் போகாமல் கைப்பிடியைத் திருகுவதுதான் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர் வேலை. ஒரே நிலையம், ஒரே ஆள், ஒரே கை. அதனால் எல்லாம் ஓரளவு சமமாக இருந்தது.

விளம்பரங்கள் வந்தபோது (விவித் பாரதியில் 1967, தூர்தர்ஷனில் 1976) அவை வெளியே தயாராகி, பதிவு செய்யப்பட்டு வந்தன. பிறகு தனியார் சேனல்களும் தனியார் எஃப்.எம்.களும் பெருகின. டயலைத் திருப்பும்போது யார் நிலையம் ஓங்கி ஒலிக்கிறதோ அங்கே நேயர் நிற்பார் என்ற எண்ணம் வளர்ந்தது. 1975-ல் அமெரிக்காவில் பாப் ஆர்பன் என்பவர் எஃப்.எம். நிலையங்களுக்காகக் கொண்டுவந்த ‘ஆப்டிமோட்’ போன்ற பெட்டிகள், எல்லையைத் தாண்டாமலே ஒலியை நிரப்பித் தரும் வித்தையை எல்லார் கைக்கும் கொடுத்தன.

காது எப்படிப்பட்ட மீட்டர்?

காது எல்லா அதிர்வெண்ணையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. 1933-ல் பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் காது மிகக் கூர்மை. தாழ்ந்த ‘தொம் தொம்’ ஓசைக்கு மந்தம். விளம்பரக் குரலில் அந்தக் கூர்மையான பகுதியைத் தூக்கிவிட்டால், மீட்டரில் பெரிதாகத் தெரியாமலே காதில் குத்தும்.

இனி அப்பா காது. தொழிற்சாலையில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது வரம்பு. தறி ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்கிறவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அப்படிப்பட்ட சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்றால் உட்செவியில் உள்ள மெல்லிய முடி போன்ற செல்கள் அழிந்துவிடும். அவை திரும்ப முளைப்பதில்லை. அப்போது மெல்லிய ஒலி கேட்காமல் போகும். ஆனால் பெரிய ஒலி மற்றவர்களுக்குப் போலவே பெரியதாகத்தான் கேட்கும்! வீட்டுக்குத் தரையை மட்டும் உயர்த்திவிட்டுக் கூரையை அப்படியே விட்ட மாதிரி. நிற்பதற்கு இடம் குறைந்துவிடுகிறது. ஆகவே வசனத்துக்கும் விளம்பரத்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தொந்தரவு என்றால், அவருக்கு வேதனை. வீட்டில் தறி ஓட்டுகிறவர்கள் இருக்கிற நண்பர்கள், காதடைப்பான் வாங்கிக் கொடுத்து வற்புறுத்திப் போடச் சொல்லுங்கள். போன காது வராது.

உரப்பை அளக்க மீட்டர் வந்த கதை

உச்சத்தை அளந்து பயனில்லை என்று தெரிந்த பிறகு, காது கேட்பதுபோல் அளக்கும் முறை ஒன்றைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வெளியிட்டது. அதன் பெயர் பி.எஸ்.1770. அது செய்வது சுருக்கமாக இதுதான்:

1. ஒலியை முதலில் ஒரு வடிகட்டி வழியாக அனுப்பு. அது தாழ்ந்த ஓசைகளைக் குறைக்கும், உயர்ந்தவற்றை ஏறக்குறைய 4 டெசிபல் தூக்கும்.

2. 0.4 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இருமடிச் சராசரி எடு. (நாம் மேலே போட்ட அதே கணக்கு!)

3. கழித்தல் 70-க்கும் கீழே உள்ள துண்டுகளை மௌனம் என்று தள்ளிவிடு. மிஞ்சியவற்றின் சராசரியைவிட 10 குறைவாக உள்ளவற்றையும் தள்ளிவிடு.

4. மீதிக்குச் சராசரி எடு. அதுவே உரப்பு. அலகு எல்.யு.எஃப்.எஸ். (அமெரிக்காவில் அதையே எல்.கே.எஃப்.எஸ். என்பார்கள்).

மூன்றாவது படி 2011-ல் சேர்த்தது. அது இல்லாவிட்டால், விளம்பரத்தில் பாதியை மௌனமாக விட்டுச் சராசரியைக் குறைத்துக்கொண்டு, மீதியில் கத்தித் தீர்த்துவிடலாம் அல்லவா?

ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010-ல் ஆர்.128 என்ற பரிந்துரையில், எல்லா நிகழ்ச்சியும் எல்லா விளம்பரமும் கழித்தல் 23-ல் நிற்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் கழித்தல் 24. கணக்கைப் பாருங்கள். ஒரு சீரியல் கழித்தல் 27, ஒரு விளம்பரம் கழித்தல் 14 என்று வையுங்கள். வித்தியாசம் 13. ஒலிபரப்பும் முன் சீரியலை 4 டெசிபல் கூட்டு (1.58 ஆல் பெருக்கு), விளம்பரத்தை 9 டெசிபல் குறை (0.355 ஆல் பெருக்கு). இரண்டும் கழித்தல் 23. வேலை முடிந்தது! ஒரு பெருக்கல்தான், நண்பர்களே.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எவ்வளவு அமுக்கி நிரப்பிக் கொண்டுவந்தாலும் மீட்டர் அந்த அளவுக்குக் கீழே இறக்கிவிடும். அமுக்கியவனுக்கு லாபம் ஒன்றும் இல்லை, ஒலி சப்பென்று ஆனதுதான் மிச்சம். இன்று நாம் செல்போனில் பாட்டுக் கேட்கிற ஸ்பாட்டிஃபை போன்றவையும் இதே மாதிரி ஒரு அளவுக்கு இறக்கி ஏற்றித்தான் ஒலிக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் இதற்கென்றே ‘காம்’ சட்டம் 2010 டிசம்பரில் கையெழுத்தாகி, அதன் விதிகள் 2012 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்தன. விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரத்து இருக்கக் கூடாது. அளக்கும் முறையும் சொல்லப்பட்டிருக்கிறது.

நம் நாடு அவர்களுக்கு முன்னாலேயே இதைப் பற்றி யோசித்தது என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். 1994-ஆம் ஆண்டின் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க் விதிகளில் 7-ஆவது விதி விளம்பரங்களைப் பற்றியது. அதன் 6-ஆவது உட்பிரிவு, விளம்பரத்தின் படமும் ஒலியும் அளவுக்கு மீறி ‘உரத்து’ இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் ‘உரத்து’ என்றால் எத்தனை, எந்த மீட்டரில் என்ற எண் அந்த உட்பிரிவில் இல்லை. அதே விதியின் 11-ஆவது உட்பிரிவில் மட்டும், மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று எண் இருக்கிறது. 2012 மே மாதம் டிராய் அமைப்பு வெளியிட்ட விளம்பர ஒழுங்குமுறையில், விளம்பரத்தின் ஒலி அளவு நிகழ்ச்சியின் ஒலி அளவைத் தாண்டக் கூடாது என்ற வரியும் இருந்தது. ஒளிபரப்பாளர்கள் வழக்குக்குப் போனார்கள். 2013 மார்ச்சில் அது திருத்தப்பட்டபோது எஞ்சிய முக்கிய விதி 12 நிமிடக் கணக்குதான்.

ஒப்பிட்டுப் பாருங்கள். நம் காரமடை அரங்கநாதர் கோயில் மாசித் தேருக்கு மைக் செட் கட்டுகிறவருக்கு எண் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கூடினால் போலீஸ் வந்து கேட்கலாம். தெருவில் ஒலிக்கிற குழாய்க்கு எண் இருக்கிறது. நம் வீட்டுக்குள்ளேயே வந்து ஒலிக்கிற விளம்பரத்துக்கு ‘அளவுக்கு மீறி’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. எண் இல்லாத விதியை வைத்து யார் யாரிடம் போய்க் கேட்பது?

நாம் செய்யக் கூடியவை

வீட்டில்: பல டி.வி.களின் ஒலி மெனுவில் ‘ஆட்டோ வால்யூம்’ அல்லது ‘ஏ.வி.எல்.’ என்று ஒன்று இருக்கும். எங்கள் டி.வி.யிலும் இருந்தது. மெனு முழுக்க இங்கிலீஷில் இருந்ததால் வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் திறந்ததே இல்லை. போன மாதம் நான் போட்டுவிட்டேன். இது முழு மருந்து அல்ல. உள்ளே ஒரு சின்னக் கம்ப்ரஸர்தான் வேலை செய்கிறது. விளம்பரம் ஆரம்பித்து ஒரு கணம் கழித்துத்தான் அமுக்கும். மௌனமான காட்சியில் பின்னணி இரைச்சலையும் மெல்லத் தூக்கிவிடும். சரியான இடம் ஒலிபரப்புகிற இடம்தான்.

லேபில்: ‘ஆடாசிட்டி’ இலவச புரோகிராம். அதன் எஃபெக்ட் மெனுவில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ உண்டு. ‘எஃப்.எஃப்.எம்பெக்’ என்ற இலவச புரோகிராமில் ஆர்.128 மீட்டரே இருக்கிறது. செட்-டாப் பாக்ஸின் ஆடியோ அவுட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, சீரியல் ஐந்து நிமிடம், விளம்பரம் ஐந்து நிமிடம் என்று அளந்து பாருங்கள். மூன்றாமாண்டு புராஜெக்ட்டுக்கு நல்ல தலைப்பு. செலவு ஒரு கேபிள் மட்டும்.

வேலையில்: நம்மில் சிலர் கேபிள் கன்ட்ரோல் ரூமுக்குப் போவோம், சிலர் எஃப்.எம். நிலையத்துக்கு, சிலர் மைக் செட் கடைக்கு. அங்கே விளம்பர ஃபைல் கைக்கு வரும்போது, உச்சம் சரியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏற்றிவிடாமல், உரப்பையும் அளந்து ஏற்றுங்கள்.

முடிவாக

இதை எல்லாம் படித்த பிறகு ஒரு நாள் திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க காது மட்டும் காரணம் இல்லீங்கப்பா. நல்ல காதுக்கே அது இரண்டு மடங்காத்தான் கேக்கும்" என்று சொல்லி, அந்தப் பத்து விநாடிக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினேன். அவருக்கு ஆர்.எம்.எஸ். தெரியாது. ஆனால் தறியில் நிற்காமல் ஓடுகிற சத்தத்துக்கும், விட்டு விட்டு வருகிற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அப்ப இத அளக்கறதுக்கு மீட்டரு இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க."

"பொறகு ஏன் வெச்சு அளக்கறதில்ல?"

அதற்கு என் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. நாளைக்கு அந்த மீட்டர் முன்னால் உட்காரப் போகிறவர்கள் நாம்தான் என்பதால், இந்தக் கேள்வியை உங்கள் முன்னாலும் வைத்துவிட்டு முடிக்கிறேன்.



— இரண்டாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு, காரமடை